குழி வெட்டுகிறவர்களுக்கு

சத்தியநாதனின் கையிலிருந்த துணிப்பையைப் பெர்சிஸ் பிடுங்கியபோது உள்ளே பாட்டில்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. பந்தலில் பாடிக்கொண்டிருந்தவர்களின் குரல் ஒரு கணம் தேய்ந்தது.

"ஏ, என்ன செய்யிற? குழி வெட்டுறவனுக்கு உள்ளது அது. அது இல்லாம மம்பட்டியத் தொடமாட்டான்."

"தொடவேண்டாம் அத்தான்."

"அப்ப என் தம்பிய எங்கன வைக்க? சாயங்காலம் பாஸ்டர் வந்துருவாக."

என் தம்பி. காலையிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். விடியுமுன்பே தம்பியின் முகம் போட்ட கலர் போஸ்டரை அச்சடித்து விருதுநகர் பஸ் ஸ்டாண்டு வரை ஒட்டவைத்துவிட்டார். அந்தத் தம்பி, அவள் புருஷன் சாம்சுந்தர், குளிர்பெட்டிக்குள் கிடந்தான். மஞ்சள் பூத்த முகத்துக்குப் பவுடர் பூசியிருந்தார்கள். வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டாரை யாரும் இன்னும் இறக்கவில்லை.

குடியால் இப்படி மஞ்சளாகிப்போன முகங்களை ஆஸ்பத்திரியில் துடைத்துப் பழகிய நர்ஸ் அவள். வீட்டில் அது உதவவில்லை. டாக்டரிடம் கேட்டாள், மாத்திரை எழுதினார். சபையில் கேட்டாள், ஜெபித்தார்கள். கடைசியில் வார்டில் கிடந்த ஒருவனின் மனைவிதான் அவளைப் பக்கத்தில் இழுத்துக் காதோடு சொன்னாள். விருதுநகரில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடியை விட்டவர்கள் கூடுகிறார்கள். ஊர், பேர் எதுவும் கேட்பதில்லை.

கேட்பதில்லை என்பதால்தான் சாம்சுந்தர் ஒப்புக்கொண்டான். "சிவகாசில வச்சா செத்தாலும் போமாட்டேன். இங்கன எல்லாப் பயலும் தெரிஞ்சவன்."

முதல் தடவை அவளும் கூடப்போய் எதிரே பேக்கரியில் உட்கார்ந்திருந்தாள். மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அதில் ஒன்று அவனுடையது என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரமாயிற்று.

பட்டாசுக் கம்பெனியில் போர்மேனான சத்தியநாதனுக்கு அது வேடிக்கை. "குடிகாரப் பயலுகளுக்கு ஒரு சங்கமாலே? தலைவர் யாரு, நெறைய வாந்தி எடுத்தவனா?"

ஆனாலும் ஈஸ்டரிலிருந்து தீபாவளி வரை சாம்சுந்தர் தொடவில்லை. தீபாவளி லோடு ஏற்றிய கடைசி லாரி கிளம்பிய அன்று, அண்ணனும் தம்பியும் வேலை பார்த்த கம்பெனியில் கறிச்சோறு. அண்ணனே ஊற்றிக் கொடுத்தார். "சீசன் முடிஞ்ச சந்தோசம்லே. ஒண்ணே ஒண்ணு." அந்த ஒன்றிலிருந்து அவன் திரும்பவேயில்லை. நேற்று ரத்தமாக வாந்தி எடுத்து அவள் மடியிலேயே போனான்.

ஊற்றியது அண்ணன். சரி. வாங்கிய கை யாருடையது? குளிர்பெட்டியைத் தட்டி எழுப்பி அவனையே கேட்கவேண்டும் போலிருந்தது அவளுக்கு.

குழி வெட்டும் சங்கிலிமுத்து வாசலில் நின்று தலையைச் சொறிந்தான். "நான் ஒண்ணும் கேக்கலக்கா. ஆனா மண்ணு இறுகிக் கெடக்கு. சும்மா இறங்குனா கை வீசாது."

அப்போதுதான் மின்கம்பத்தடியில் ஒதுங்கி நின்ற மூன்று பேரை அவள் கவனித்தாள். நரைத்தவர் ஒருவர் முன்னால் வந்தார்.

"என் பேரு அய்யாதுரைம்மா. சாம் கூட... ஞாயித்துக்கிளம சாயங்காலம்."

புரிந்தது. புரிந்ததும் ஆத்திரம்தான் வந்தது. "இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்? அவுக வராம நின்னு எம்புட்டு நாளாச்சு!"

"போன் போட்டோம், எடுக்கல. வீடு எங்கனன்னு கேக்கிற வழக்கம் எங்ககிட்ட இல்லம்மா. முழுப்பேரே இன்னைக்கு போஸ்டரப் பாத்துத்தான் தெரியும். விலாசமும் அதுல இருந்துச்சு."

பெர்சிஸ் எதிர்ச்சுவரைப் பார்த்தாள். முழுப்பெயர், தெரு, வீட்டு எண். அவன் ஒளித்து வைத்ததெல்லாம் கலரில் ஒட்டியிருந்தது. உயிரோடு இருக்கும்போது இவர்கள் கையில் கிடைத்திருக்கவேண்டிய விலாசம்.

சத்தியநாதன் அருகே வந்தார். "வெளியூர்க்காரகளா? பெர்சிசு, அந்தப் பையக் குடு. வந்தவுகளுக்கும் ஆளுக்குக் கொஞ்சம்..."

அய்யாதுரையின் கண் பைமேல் விழுந்து சட்டென்று விலகியது.

"இன்னும் குழி வெட்டலயாம்மா?"

"இல்ல."

"மம்பட்டிய மட்டும் குடுக்கச் சொல்லுங்க."

பையை எங்கேயும் வைத்துவிட்டுப் போக அவளுக்கு நம்பிக்கையில்லை. தோளில் மாட்டிக்கொண்டு அவளே கல்லறைத் தோட்டத்துக்கு வழிகாட்டிப் போனாள். 'பிணத்த விட்டுட்டுப் போறா பாரு' என்று பின்னால் யாரோ சொன்னது கேட்டது. சொல்லட்டும்.

மூன்று பேருக்கும் மண்வெட்டி பிடித்த பழக்கமில்லை. சற்று நேரத்தில் ஒருவனின் உள்ளங்கை கொப்பளித்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு மறுபடி வெட்டினான். பின்னாலேயே வந்து ஒரு கல்லறைமேல் குந்தியிருந்த சங்கிலிமுத்து பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான்.

"ஏ சார்வாள், மாவா பிசையிறீக? இப்படி வெட்டுனா அண்ணாச்சி நாளைக்குத்தான் இறங்குவாரு. தள்ளுங்க அங்கிட்டு."

பையை ஒருமுறை ஏக்கமாகப் பார்த்துவிட்டு அவன் குழிக்குள் குதித்தான்.

பொழுது சாயும்போது பெட்டியை இறக்கினார்கள். பாஸ்டர் ஜெபித்து முடித்தார். முதல் மண்ணைப் போட்டுவிட்டு வந்த சத்தியநாதனின் முகம் நனைந்திருந்தது. அவளிடம் கையை நீட்டினார்.

"பையக் குடும்மா, நான் வச்சிருக்கேன். ரெண்டு கையாலயும் அள்ளிப் போடு."

பெர்சிஸ் பையின் காதை இன்னும் மேலே தோளுக்கு ஏற்றிக்கொண்டாள். குனிந்து ஒரு கையால் மண்ணை அள்ளினாள். உள்ளே பாட்டில்கள் முட்டிக்கொண்டன.