இரண்டு கை வைத்த பொம்மை

தோலில் பொம்மை வெட்டுவது அவள் வேலை. அதை விளக்குக்கும் வெள்ளைத் துணிக்கும் நடுவில் பிடித்து ஆட்டுவது அவள் புருஷன் வேலை. எந்நேரமும் உளியும் கையுமாக இருக்கிறாளே என்று நாத்தனார் ஒருநாள் உளிக்காரி என்று கேலி செய்யப்போக, அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

வாதம் வந்து புருஷனின் வலது கை விழுந்ததிலிருந்து வீட்டில் சத்தமே இல்லை. ராஜா, ராணி, கோமாளி, குதிரை என்று அத்தனைக்கும் அவர் ஒருவர்தான் குரல். கை போனதும் குரலையும் மூட்டை கட்டி வைத்துவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டால் ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார் டாக்டர். ஆகவில்லைதான். பேச மனசில்லை. கை போனதைக்கூட உளிக்காரி தாங்கிக்கொண்டாள், இந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை.

ஒருநாள் காலை அவராகவே வாயைத் திறந்தார்.

"கோமாளிக்கு ரெண்டு கையும் அசையுற மாதிரி வெட்டிக் குடு."

அவர்கள் பொம்மைகளுக்கு ஒரு கைதான் அசையும். மற்றது உடம்போடு ஒட்டினாற்போல இருக்கும்.

"எதுக்குங்க?"

"எனக்குத்தான் ஒண்ணு போச்சு. அதுக்காவது ரெண்டு இருக்கட்டுமே."

அவர் பேசிவிட்டார். பத்து கை கேட்டிருந்தாலும் வெட்டியிருப்பாள்.

கூடமாட உதவிக்கு வந்திருந்த நாத்தனார் பாத்திரம் கழுவிக்கொண்டே முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்: "வேணாம்மா. எங்க வீட்டுல வெட்ட மாட்டாங்க."

"ஏன் அண்ணி?"

"மொத மொத பொம்மை வெட்டினவன் ரெண்டு கைதான் வெச்சானாம். அது என்ன பண்ணுச்சு தெரியுமா? தன்னைக் கட்டியிருந்த நூலைத் தானே அவுத்து, அவன் கையில கட்டிடுச்சு. அப்புறம் அவனை அது ஆட்டுச்சாம். ஒத்தக் கையால முடிச்சுப் போட முடியாதுல்ல. அதனாலதான் ஒத்தக் கை."

"உங்க தம்பி இத்தனை வருஷமா ஒரு செருப்பு வாரைக்கூட ஒழுங்கா கட்டினதில்ல அண்ணி. பொம்மையாவது கத்துக்கட்டும்."

நாத்தனார் சிரிக்கவில்லை.

உளிக்காரி வெளிச்சம் ஊடுருவும் வரைக்கும் ஆட்டுத்தோலைச் சுரண்டினாள். இடது கையைத் தனியாக வெட்டி, தோளில் துளையிட்டு, கறுப்பு நூல் கோத்தாள். அவள் முடிச்சு எப்போதும் இரட்டை முடிச்சு. நுனியைத் தீயில் காட்டிக் கருக்கிவிடுவாள், அவிழாது. இரண்டு உள்ளங்கையிலும் ஒவ்வொரு குச்சி கட்டினாள்.

மத்தியானம் ஜன்னலை அட்டையால் அடைத்து விளக்கேற்றினார்கள். பார்க்க இரண்டே பேர், அவளும் நாத்தனாரும். துணிக்குப் பின்னாலிருந்து கோமாளி கனைத்தான். எத்தனை நாள் கழித்து அந்தக் குரல். குதிரையிடம் பெண் கேட்டுப் போய் உதை வாங்கிய கதையைச் சொன்னான். நாத்தனாரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கோமாளி கை தட்டினான். இரண்டு கையும் சேர்த்துத் தட்டினான்.

உளிக்காரிக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் இடது கையில் பொம்மையின் உடம்பைத் தாங்கும் நடுக்குச்சி. அந்தக் கை விரலாலேயே ஒரு பக்கத்துக் குச்சியையும் நகர்த்திவிடலாம். மற்றதை யார் பிடிப்பது?

துணியை விலக்கிப் பார்த்தாள். விழுந்து கிடந்த வலது கை குச்சியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. அவர் கன்னமெல்லாம் கண்ணீர். "பாத்தியா, வந்துடுச்சு," என்றார். அந்த மணிக்கட்டில் அவள் பொம்மைக்குக் கோக்கிற கறுப்பு நூல். முடிச்சு மட்டும் அவளுடையது இல்லை.

"அவுத்துடு," என்றாள் நாத்தனார்.

"அவுத்தா போயிடும் அக்கா," என்றார் அவர்.

உளிக்காரி அவிழ்க்கவில்லை. நாத்தனார் செருப்பைக்கூடப் போடாமல் தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

வீடு மறுபடியும் வீடானது. அவர் ஓயாமல் பேசினார். வலது கை சட்டைப் பொத்தானைப் போட்டது, டம்ளரைத் தூக்கியது. ஒரு மத்தியானம் சாப்பாடு போடக் குனிந்தவளின் முன்முடியை எடுத்துக் காதோரம் ஒதுக்கிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படிச் செய்ததே இல்லை. வெட்கத்தோடு நிமிர்ந்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கை அவள் காதைவிட்டு விலகவில்லை.

அதன் பிறகு அவள் அந்தப் பக்கம் உட்காருவதில்லை. ஆனாலும் அறுக்க மனசு வரவில்லை. கையோடு பேச்சும் போய்விட்டால்?

ஒருநாள் காலை அவர் இடது கையிலிருந்து டம்ளர் நழுவி விழுந்தது.

"மரத்துப் போன மாதிரி இருக்கு," என்றார்.

சட்டைக்கையை மேலே தள்ளினாள். இடது மணிக்கட்டில் ஒரு சுற்று நூல் தளர்வாகக் கிடந்தது. இன்னும் முடிச்சு விழவில்லை. சுவரில் தொங்கிய கோமாளி இரண்டு கையையும் மார்போடு சேர்த்து வைத்திருந்தான்.

உளியை எடுத்து வந்து வலது மணிக்கட்டு நூலில் வைத்தாள். அந்தக் கை திரும்பி அவள் கையைக் கவ்விப் பிடித்தது. எலும்பு நொறுங்குகிற மாதிரி பிடி.

"விடுங்க. வலிக்குது."

"நான் பிடிக்கல," என்றார். முகம் வெளுத்திருந்தது. "அறுத்துடு."

"அறுத்தா..."

"பேசறேன். கை இல்லாட்டியும் பேசறேன். அறு."

இடது மணிக்கட்டில் நூல் மெல்ல இறுகிக்கொண்டிருந்தது. அவள் உளியை மற்றக் கைக்கு மாற்றினாள்.