கால் சுற்று

லோரெட்டாவின் கைகள் நீளம் என்று ப்ரென்ட் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருடங்கள் ஆகின்றன. அவளுடைய எல்லாக் கோட்டுகளும் மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிடும். துணி துவைக்கும் இயந்திரம் கோட்டுகளைச் சுருக்கிவிடுகிறது என்றுதான் இத்தனை வருடங்களும் நினைத்துக்கொண்டிருந்தேன். போன இலையுதிர் காலத்தில் துப்பாக்கி கிளப்பில் அவள் சுடுவதை ஐந்து நிமிடம் பார்த்த ப்ரென்ட், "உன் கை நீளம்மா, இந்தப் பிடி உனக்குப் பத்தாது. அதான் முழங்கைய மடக்கிட்டுத் தடுமாறுற" என்றானாம். அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவள் அதை என்னிடம் சொன்னாள். சொல்லும்போது தன் கையை நீட்டி, யாரோ கொடுத்த பரிசைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டாள்.

அந்தக் கையை அப்போதுதான் நானும் பார்த்தேன். அவன் பார்த்த பிறகு.

ப்ரென்ட் டிராக்டர் கடையில் உதிரிபாகங்கள் விற்கிறவன். வாரம் இரண்டு நாள் கிளப்பில் புதியவர்களுக்குச் சுடக் கற்றுக்கொடுப்பான். லோரெட்டா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். நான் தபால் நிலையக் கவுண்டரில் நிற்கிறேன். துப்பாக்கியில் எனக்கு நாட்டம் கிடையாது. குளிர்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் ஒரே பேச்சுத்தான். ப்ரென்ட் மூச்சை இப்படி விடச் சொன்னான். ப்ரென்ட் காலை இப்படி வைக்கச் சொன்னான். ஒருநாள் உருளைக்கிழங்கு தோல் சீவும்போதுகூட அவள் மூச்சைப் பாதியில் நிறுத்திக் கத்தியை இழுத்தாள். அந்த மூச்சுக்கும் அவன்தான் சொந்தக்காரன் என்று எனக்குத் தோன்றியது.

ஏப்ரலில் புதிய முன்பிடி பார்சலில் வந்தது. குழலைச் சுற்றி, இடது கையில் சூடு படாமல் பிடித்துக்கொள்ள இருக்கும் கூடு அது. பழையது குட்டையான பிளாஸ்டிக். இது நீளமான, இறகுபோல் எடையில்லாத கறுப்பு அலுமினியம். புதன்கிழமை தன் கராஜில் மாட்டித் தருவதாக ப்ரென்ட் சொல்லியிருந்தான். நானே மாட்டுகிறேன் என்றேன். லோரெட்டா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீயா? போன மாசம் கதவுக் கீல மாட்டினியே, அந்தக் கதவு இன்னும் தானா தொறந்துக்குது எம்மெட்."

இருந்தாலும் சிரித்துக்கொண்டே சரி என்றாள். அதைக் கேள்விப்பட்டு புதன்கிழமை மதியம் ப்ரென்ட் தன் டார்க் ரெஞ்சோடு வாசலில் வந்து நின்றான். இறுக்கம் போதுமான அளவு வந்ததும் க்ளிக் என்று சொல்லிவிடும் ஸ்பேனர்.

"தலைவரே, கை பலத்த நம்பாதீங்க. இது சொல்ற வரைக்கும் இறுக்குங்க, போதும். அப்புறம் ஸ்க்ரூ மேல கோடு போட மறந்துடாதீங்க."

இங்கே எல்லோரும் செய்வதுதான் அது. ஸ்க்ரூவை இறுக்கி முடித்ததும் அதன் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை ஒரே கோடாகப் பெயிண்ட் இழுத்துவிடுவார்கள். ஸ்க்ரூ கொஞ்சம் திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு முறை சுடுவதற்கு முன்பும் முதலில் கோட்டைத்தான் பார்ப்பார்கள்.

சமையல் மேசையில் பழைய துண்டை விரித்துக்கொண்டேன். தோட்டா இல்லை என்பதை மூன்று முறை பார்த்தேன். லோரெட்டா மாலைப் பேருந்துக்குப் போயிருந்தாள். பழைய பிடி கழன்று வந்தபோது குழல் தோலுரித்த கிளைபோல மெலிந்து நின்றது. புதியதைச் செருகி, மேல்விளிம்பு நேர்கோட்டில் வருகிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அடியில் இரண்டு ஸ்க்ரூக்கள். ரெஞ்சால் முதலாவதை இறுக்கினேன். க்ளிக். இரண்டாவது. க்ளிக். என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அவன் நாக்கைச் சொடுக்கி, 'போதும் தலைவரே' என்று சொன்னதுபோல் இருந்தது.

வேலை நன்றாகவே முடிந்திருந்தது. அதுதான் தாங்கவில்லை. சனிக்கிழமை கிளப்பில் போட்டி. அவள் நீளமான கையை நீட்டிச் சுடுவாள், குண்டெல்லாம் குறியில் விழும், திரும்பி முதலில் அவன் முகத்தைப் பார்ப்பாள். குறிபார்க்க உதவும் முன் குறிமுள் இந்தப் பிடியின் நுனியில்தான் உட்கார்ந்திருக்கிறது. பிடி மயிரிழை அசைந்தாலும் நூறு கஜத்தில் குண்டு கையகலம் விலகிவிடும். ஒரே ஒரு போட்டி, என்று நினைத்தேன். அவன் சொல்லிக்கொடுத்தது எதுவும் பலிக்காத ஒரே ஒரு காலை.

இரண்டு ஸ்க்ரூக்களையும் கால் சுற்றுத் தளர்த்தினேன். பிறகு குளியலறை அலமாரியிலிருந்து அவளுடைய சிவப்பு நகப்பூச்சை எடுத்துவந்து கோடு போட்டேன். பிப்ரவரியில் ஒரு வாரம் போட்டிருந்த நிறம் அது. பேருந்துப் பிள்ளைகள் ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஓட்டுப்போட்டு அவளுடைய நகத்துக்கு நிறம் தேர்ந்தெடுப்பார்கள். கோடு நேராக விழுந்தது. பார்த்தால் யாரும் நம்புவார்கள்.

அவள் வந்து துப்பாக்கியைத் தோளில் வைத்து, கையை முழுவதும் நீட்டிப் பிடித்தாள். முகம் மலர்ந்தது. கோட்டைப் பார்த்தாள். "அட, கோடுகூடப் போட்டிருக்க" என்று என் தலைமுடியைக் கலைத்துவிட்டாள்.

வியாழன் மாலை குறியைச் சரிசெய்யக் கிளப்புக்குப் போனாள். வழக்கமாக ஒரு மணி நேரத்தில் வருகிறவள் இரண்டரை மணி நேரமாகியும் வரவில்லை. சூப் ஆறிப்போனது. வந்ததும் ப்ரென்ட் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

"அவன் வரல. நான் மட்டும்தான்" என்றாள்.

பூட்ஸைக் கழற்றிச் சேற்றைத் தட்டிவிட்டு, ஆறிப்போன சூப்பை அப்படியே குடித்தாள். நான் நம்பவில்லை. கூடவே பயமாகவும் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை அவள் போன பிறகு ஸ்க்ரூ திருப்பும் ஆலன் கீயை எடுத்துக்கொண்டு, துப்பாக்கி வைக்கும் இரும்பு அலமாரி முன் போய் நின்றேன். கால் சுற்று இறுக்கிவிட்டால் போதும். எதுவுமே நடக்கவில்லை என்றாகிவிடும். ஆனால் குளிர்பெட்டியின் பக்கவாட்டில் எப்போதும் தொங்கும் அலமாரிச் சாவி அன்றைக்கு அங்கே இல்லை. மறந்துபோய்க் கையோடு எடுத்துப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அன்று கவுண்டரில் இரண்டு பேருக்குத் தவறான தபால்தலை கொடுத்தேன்.

சனிக்கிழமை வெயில் அடித்தது. குன்றடியில் இன்னும் பனித் திட்டுகள் இருந்தன. நான் கயிற்றுக்குப் பின்னால், மடக்கு நாற்காலிக்காரர்களோடு நின்றேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறக்கும்போதெல்லாம் யாராவது மிளகாய் பீன்ஸ் கிண்ணத்தை நீட்டினார்கள். அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். காதை அடைத்துக்கொண்டு முதல் இரும்புத் தகட்டுக்கு நேரே நின்றாள். இடது கை மெல்ல நீண்டு பிடியின் நுனிவரை போனது. கோட்டுக் கை மேலேறி மணிக்கட்டு தெரிந்தது.

தகடு மணிபோல் ஒலித்தது. அடுத்தது. அதற்கடுத்தது. பதினாறில் பதினைந்து. ப்ரென்டுக்குப் பதினான்கு.

திரும்பியபோது அவள் யாரையும் பார்க்கவில்லை. குனிந்து, துப்பாக்கி காலி என்று காட்டும் மஞ்சள் கொடியைச் செருகினாள். ப்ரென்ட் என் முதுகில் தட்டினான். "என்னையே முந்திட்டா பாருங்க. நல்லா மாட்டியிருக்கீங்க தலைவரே, நான்கூட இப்படி மாட்டியிருக்க மாட்டேன்." அவன் குரலில் கேலி இல்லை. அவன் பேண்ட்டில் மஞ்சள் கடுகுக் கறை இருந்தது. இத்தனை மாதங்களில் அவனை இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை.

எங்கள் வண்டியின் பின்கதவை இறக்கி, லோரெட்டா துப்பாக்கியை என்னிடம் தந்தாள்.

"பெட்டில வை. வைக்கறதுக்கு முன்னாடி கோட்டப் பாரு."

புரட்டிப் பார்த்தேன். நான் போட்ட சிவப்புக் கோடுகள் இரண்டும் உடைந்திருந்தன. ஸ்க்ரூத் தலையில் ஒரு பாதி, பக்கத்து அலுமினியத்தில் ஒரு பாதி. இரண்டுக்கும் நடுவே சரியாகக் கால் சுற்று. நான் தளர்த்திய அளவு, உலோகத்தில் எல்லோரும் பார்க்கும்படி எழுதியிருந்தது. அதன்மேல் புதிதாக, உடையாமல், நேராக இரண்டு நீலக் கோடுகள். இந்த வாரம் பிள்ளைகள் தேர்ந்தெடுத்த நிறம். வியாழன் மாலையே அவள் இறுக்கியிருக்கிறாள்.

பெட்டியை மூடிய பிறகும் நிமிராமல் நின்றேன். வண்டியின் அந்தப் பக்கத்தில் அவள் பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு அகலமான பின்கதவைக் கடந்து ஒரு கோப்பை என் முகத்துக்கு முன்னால் வந்து நின்றது. அதைச் சுற்றி ஐந்து நீல நகங்கள். கோட்டுக் கை முழங்கைப் பக்கம்வரை ஏறியிருந்தது. ஆவி பறக்கும் அந்தக் கோப்பையை வாங்கிக்கொள்ள நான் ஓரடிகூட எடுத்துவைக்க வேண்டியிருக்கவில்லை.