பூமணி சொன்ன அர்த்தம்

மன்னார் பட்டினத்தில் வின்சன்ட் நடத்திய இன்டர்நெட் கடையில் ஐந்து கணினிகள் இருந்தன. 2007 பங்குனியில் இராணுவ முகாமிலிருந்து வந்தவர்கள் அவற்றில் எதையோ பதித்துவிட்டுப் போனார்கள். அதன்பின் அங்கே யார் யாரோடு அரட்டை அடித்தாலும் அது அப்படியே சேமிக்கப்பட்டது. புதன்கிழமைதோறும் ஓர் அதிகாரி வந்து அதைத் தாளில் எடுத்துக்கொள்வார்.

சனங்கள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினார்கள். அதிகாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடையில் வேலை செய்த பூமணி மலைநாட்டிலிருந்து வந்து முருங்கன் பக்கம் குடியேறியவள். சிங்களம் சரளமாகப் பேசுவாள். வாசித்துச் சொல்லும் வேலை அவள் தலையில் விழுந்தது. மறுத்தால் கடையை மூடிவிடுவார்கள் என்று வின்சன்ட் கெஞ்சினான்.

காதல், சண்டை, கருக்கலைந்த கதை என்று எல்லாவற்றையும் அவள் சொன்னாள். பிறகு எழுதியவர்களின் முகத்தைப் பார்க்கக் கூசினாள்.

மூன்றாம் புதன், அதிகாரி ஒரு வரியில் விரலை வைத்தார். கடைக்கு வந்துபோகும் லூர்தம்மா, கடலுக்கு அப்பால் இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் இருந்த தன் தம்பிக்கு எழுதியது: “வெள்ளிக்கிழமை வாறம். நானும் மூண்டு பிள்ளையளும். இடமில்லையெண்டவன், பிறகு ஓமெண்டிட்டான்.”

பூமணி அந்த வரியை இரண்டாம் தரம் வாசித்தாள். சொன்னால் கடற்படை காத்திருக்கும். சொல்லாவிட்டால் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு புறப்பட்டுவிடும். போன மாதம் அப்படியொன்று கவிழ்ந்திருந்தது.

“ஒரு கலியாணத்துக்குப் போகினம், சேர். வான்காரன் இடமில்லையெண்டவனாம்,” என்று சிங்களத்தில் சொன்னாள்.

மறுநாள் காலையே லூர்தம்மா வீட்டுக்கு ஓடினாள்.

“அக்கா, நீங்கள் எழுதினதை முகாமில எடுத்திட்டினம்.”

“ஆர் வாசிச்சது?”

“நான்தான். கலியாணமெண்டு சொல்லிப்போட்டன். ஆனா அந்தப் படகில ஏறாதேங்கோ.”

லூர்தம்மா அவளை வெறித்துப் பார்த்தாள். “என்ர மனுசனைக் கொண்டுபோனவங்கள் இனி மூத்தவனைக் கேட்டு வருவாங்கள். இருக்கச் சொல்லுறியோ?”

பூமணி கடைக்குத் திரும்பினாள்.

வெள்ளிக்கிழமை காற்று பலத்தது. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கடைக்கு யார் வந்தாலும் செத்த செய்திதான் வருகிறதென்று வாசலைப் பார்த்தாள். ஒருவரிடமும் விசாரிக்கவும் முடியாது.

அடுத்த புதன், அதிகாரி கொண்டுவந்த தாளிலேயே அந்தச் செய்தி இருந்தது. லூர்தம்மாவின் தம்பி அவளுடைய அயல்வீட்டுப் பாலம்மாவுக்கு எழுதியிருந்தான்: “எல்லாரும் வந்திட்டினம். கடைசிப் பிள்ளைக்குக் காய்ச்சல், வேற ஒண்டுமில்லை.”

“கலியாணம் நல்லபடி முடிஞ்சுதாம், சேர்,” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதிகாரி அவள் கண்களைக் கவனித்தார். தாள்களை மெதுவாக மடித்தார். அடுத்த கிழமை தமிழ் வாசிக்கத் தெரிந்த தங்கள் ஆள் ஒருவர் வருவார், பழைய தாள்களையும் பார்ப்பார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடையில் நான்கு பேர் தட்டிக்கொண்டிருந்தார்கள். பூமணி எழுந்து நின்றாள்.

“நீங்கள் எழுதுறதெல்லாம் முகாமுக்குப் போகுது. இவ்வளவு நாளும் நான்தான் வாசிச்சுச் சொன்னனான்.”

தட்டும் சத்தம் நின்றது. ஒரு பெண் கேட்டாள்: “போன கிழமை நான் எழுதினதுமோ?”

“ஓம் தங்கச்சி. அதுவும்தான்.”

அவள் பூமணியைத் திரும்பிப் பாராமல் வெளியேறினாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். வின்சன்ட் தலையில் கைவைத்தபடி, “வவுனியா பஸ் ரெண்டு மணிக்கு நிக்கும், அவங்கள் வரமுதல் போ,” என்றான்.

பூமணி கைப்பையை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கினாள்.