மூடி வைத்த கிணறு

விடியத் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தபோது மகள் சுதாஜினி போனில் வந்தாள். இங்கே விடியும்போது அவளுக்கு அங்கே பொழுதுபடும். நெப்ராஸ்காவில், சனம் குறைந்த ஒரு கவுண்டியின் சின்ன ஆசுபத்திரியில் அவள் தாதி.

"அம்மா, அப்பாவையும் கூப்பிடுங்கோ. ஒரு காணி காட்டப்போறன். வாங்கலாமோ எண்டு சொல்லுங்கோ."

கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். இங்கே தர்மபுரத்தில் எங்கள் காணிக்குப் பக்கத்துக் காணியை, கிணற்றோடு, அவளுக்கென்று வைத்திருக்கிறோம். அங்கே வாங்கினால் இங்கே எப்படி வருவாள்?

இவர் கதிரையை இழுத்துப் போட்டார்.

"கவுண்டி எண்டால் என்ன பிள்ளை, எங்கட பிரதேச செயலர் பிரிவு மாதிரியோ?"

"அதைவிடப் பெரிசு அப்பா. றோட்டெல்லாம் கட்டம் கட்டமாய், நம்பர் போட்டுக் கிடக்கும்."

"இஞ்சேரும், எங்கட காணியளுக்கு வாய்க்கால் நம்பர் மாதிரி அங்கை றோட்டு நம்பர்!"

"குளம் எங்கை?" என்றேன் நான்.

"குளமில்லை அம்மா. சோளத்துக்கு நிலத்துக்குக் கீழ இருந்துதான் இறைக்கிறது."

"குளமில்லாத ஊரும் ஒரு ஊரோ?"

சிரித்தாள். "அந்த நாளையில அரசாங்கம் குடுத்த காணியள் இது. வந்து திருத்தி, வீடு போட்டு இருந்தால் உனக்கு எண்டு."

என் அப்பாவும் அப்படித்தான், அரசாங்கம் கொடுத்த காட்டைத் திருத்த யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்தார். காடு எரித்த சாம்பலில் முதல் வருசம் கத்தரி காய்த்த காய்ப்பை அம்மா சாகும்வரை சொன்னா. யானை வந்தால் நான்தான் தகரம் தட்டுவேன். "இவள் தட்டுற தட்டுக்கு யானையும் வராது, மாப்பிள்ளையும் வராது" என்பார் அப்பா என்று சுதாவுக்குச் சொன்னேன்.

"நான் வந்திட்டன்தானே" என்றார் இவர்.

"அதுக்கு முதல் அங்கை வெறுங்காடோ சுதா?"

"புல்வெளி. ஆக்கள் இருந்தவை அம்மா. அவையளை எழுப்பிப்போட்டுத்தான் குடுத்தவங்கள்."

அவள் போனைத் திருப்பிக் காணியைக் காட்டினாள்.

போன் நகர்ந்தது. பாழடைந்த வீடு, சாய்ந்த மாட்டுக்கொட்டில். முற்றத்தில் பலகை போட்டு, மேலே கல் வைத்து எதையோ மூடியிருந்தது.

"நில்லு. அது என்ன?"

"கிணறு."

"சுதா, அந்தக் காணி வேண்டாம்."

"ஏனம்மா?"

"கிணத்தை மூடிக் கல் வைச்சிட்டுப் போனவை திரும்பி வருவினம்."

சண்டை நெருங்கிய கடைசி இடம்பெயர்வில் இவர் உழவு மெசினில் இருந்து கத்தக் கத்த, நான் தகரத்தால் கிணற்றை மூடிக் கல் வைத்துவிட்டுத்தான் ஏறினேன். திரும்பி வந்தபோது வீடுமில்லை, வேலியுமில்லை. கிணற்றை வைத்துத்தான் எங்கள் காணியைக் கண்டுபிடித்தோம்.

"மாடு கன்று விழாமல் மூடியிருப்பினம் அம்மா."

"கேட்டனியோ?"

"இல்லை."

"கேள்."

அவள் போனை வைத்ததும் இவர் கேட்டார்: "உமக்குக் கிணத்துக் கவலையோ, மகள் வரமாட்டாள் எண்ட கவலையோ?"

"தேத்தண்ணியைக் குடியுங்கோ" என்றேன்.

மறுநாள் விடியவே போனில் வந்தாள்.

"கேட்டனான் அம்மா. காணிக்காரி மேபல் எங்கட வாட்டிலதான் இருக்கிறா. மாடு விழாமல்தான் மூடினதாம். சொல்லிப்போட்டுச் சிரிச்சவா. மகன்மார் ஆரும் இனி வரமாட்டினமாம். அந்தத் தண்ணி பல்லுக் கூசுற குளிராம். அதைச் சொல்லேக்கை மட்டும் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டா."

நான் போனைக் கிட்டப் பிடித்தேன்.

"வாங்கட்டோ அம்மா?"

கேட்காமலே வாங்கியிருக்கலாம். கேட்கிறாள்.

"வாங்கு. ஆனால் கிணத்தை முதல் வத்த இறை. புதுத் தண்ணி ஊறினாப்பிறகு முதல் கோப்பையை மேபலுக்குக் கொண்டுபோய்க் குடு. நீ பிறகு குடி."

"நீங்கள் வருவியளோ குடிக்க?"

"குளமில்லாத ஊருக்கு அவா வரமாட்டா" என்றார் இவர். மூவரும் சிரித்தோம்.

பின்னேரம் பக்கத்திலிருக்கும் சுதாவின் காணிக்குப் போனேன். கிணற்றை மூடியிருந்த தகரம் காற்றில் விலகி, ஒரு கல் கீழே விழுந்து கிடந்தது. தகரத்தை இழுத்து நேராக்கி, அந்தக் கல்லைத் தூக்கித் திரும்ப மேலே வைத்தேன்.