காந்தத்தில் ஒட்டிய இரண்டு ரூபாய்

மனோகரனின் மனைவி ராஜகுமாரி கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து அந்த இரண்டு ரூபாய் நாணயத்தை மேசைமேல் வைத்ததும் லிங்கசாமியின் கை பூதக்கண்ணாடியைத் தேடியது. பிறகு வெட்கப்பட்டார். ஆனால் கை முதலில் தேடியது அதைத்தான்.

நாணயச் சாலையில் அச்சு விலகி விழுந்த காசு. சிங்கமும் எழுத்தும் ஓர் ஓரமாகத் தள்ளிப்போய், எதிர்ப்பக்கம் பிறை அளவுக்கு வெறும் உலோகம். இப்படித் தப்பி வெளியே வருவது அபூர்வம். தேவாலாப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஃபாக்டரியில் இருபத்திரண்டு வருடமாக ஸ்டோர் கிளார்க்காக இருக்கும் லிங்கசாமியின் ஆல்பத்தில் இரட்டை அச்சு, அரைகுறை அச்சு எல்லாம் உண்டு. இது இல்லை. கூடலூர் பஸ்ஸில் சில்லறையோடு சில்லறையாக இது ஃபாக்டரித் தொழிலாளி மனோகரனுக்கு வந்தது தெரிந்ததிலிருந்து மூன்று வாரம் அவனை நச்சரித்தார். "டேய், டீக்கடையில போட்டுத் தொலைச்சறாத. நாளைக்காச்சும் கொண்டா." பதினோரு நாளுக்கு முன்பு அவன் கொண்டுவந்தான். சட்டைப் பையில் போட்டபடி வேலைக்கு நின்றான். குனிந்தபோது காசு விழுந்தது. இலை அரைக்கும் உருளைகளின் மூடியைத் தூக்கிக் கையை விட்டான். வலது கை மணிக்கட்டு வரை போயிற்று.

இப்போது காசின் குறுக்கே வரிவரியாக உருளையின் பல்தடம். அச்சடிக்கும்போது நேர்ந்த தவறுக்குத்தான் விலை, வெளியே வந்தபின் பட்ட அடிக்கு ஒன்றுமில்லை என்று எத்தனையோ பேருக்கு அவர் விளக்கியிருக்கிறார்.

"மாரியாயி அக்கா குடுத்துச்சு சார். காந்தத்துல ஒட்டிக்கிட்டு இருந்துச்சாம்."

"எந்தக் காந்தம்?"

"அக்கா வேல செய்யுமே, தூள் சலிக்கிற எடத்துல. இரும்பு பொறுக்குமே, அது."

லிங்கசாமி பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். அன்றைக்குக் கையோடு அரைபட்ட இலையையெல்லாம் குழியில் கொட்டிவிட்டதாக மேனேஜர் யூனியன்காரர்கள் முன்னால் சொல்லியிருந்தார். கொட்டிய இலை அடுப்பில் காய்ந்து சலிக்கும் இடத்துக்கு வராது.

"கொட்டுனது நடந்து வந்துச்சா சார்?" என்றாள் ராஜகுமாரி.

லிங்கசாமியின் மனைவி சாந்தாமணி இரண்டு டம்ளர் டீயோடு வந்தாள். "ஏனுங்க, வந்த புள்ளைய வெறும் வாயோட உக்கார வெச்சுப் பேசறீங்க. குடி அம்மணி. வெள்ளிக்கிழமை ஃபாக்டரில குடுத்த தூளுதான், நல்லா நெறம் உடுது."

ராஜகுமாரி டம்ளரைப் பார்த்தாள். தொடவில்லை. லிங்கசாமி பழக்கத்தில் எடுத்துக் குடித்தார்.

நாளை காலை விசாரணை. இலை சிக்கிக்கொண்டது, சூப்பர்வைசர் கத்தினார், அதனால் கை விட்டேன் என்று மனோகரன் எழுதிக் கொடுத்திருந்தான், இடது கையால் கோணல்மாணலாக. காசைப் பற்றி எழுதவில்லை. அவன் தப்பு என்று முடிந்தால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் இல்லை. சாட்சிகளில் லிங்கசாமியும் ஒருவர்.

"இதக் காட்டுங்க சார். எங்க கெடச்சுதுன்னு சொல்லுங்க. அந்தத் தூள வித்தது வெளிய தெரிஞ்சா அவங்களுக்குப் பயம் வரும்."

"காட்டுனா உருளைக்குள்ள காசு எப்படிப் போச்சும்பாங்க அம்மணி. ரெண்டு ரூவாய்க்குக் கை உட்டான்னு எழுதிருவாங்க."

"காட்டலன்னா மட்டும் வீட்ட உட்டுருவாங்களா?"

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. காசு எதற்காக மனோகரன் பையில் இருந்தது என்று நாளை கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் தான்தான் என்பதை லிங்கசாமி முதல் வாய் டீயிலேயே யோசித்துவிட்டார்.

"ஆசுபத்திரில கண்ணு முழிச்சு கையக் கேக்கல சார் அந்த மனுசன்" என்றாள் ராஜகுமாரி. அழவில்லை. "'கிளார்க் சாருக்குக் காசு குடுக்கணும்'னுச்சு. குடுத்துட்டேன். நாளைக்கு என்ன சொல்றதுன்னு நீங்களே பாத்துக்கங்க."

கைக்குட்டையை மட்டும் உதறி மடித்து எடுத்துக்கொண்டாள். குடையை விரித்துச் சரிவில் இறங்கினாள். தேயிலைச் செடிகளுக்கு மேலே குடை மட்டும் கொஞ்ச தூரம் தெரிந்தது.

லிங்கசாமி காசைத் திருப்பினார். பல்தடங்களின் பள்ளத்தில் பழுப்பாக எதுவோ அப்பிக் காய்ந்திருந்தது. தேயிலையோ, மற்றதோ. காய்ந்தால் இரண்டும் ஒரே நிறம். காசைக் கழுவக் கூடாது என்பது சேகரிப்பவர்களின் முதல் பாடம்.

அவள் டம்ளரில் ஆடை படிந்திருந்தது. அவர் டம்ளரின் அடியில் கொஞ்சம் தூள் மட்டும் மிச்சம்.