இருவர் உட்காரும் பரண்

என் மனைவி மார்லிஸ் என்னை விட்டுப் போய் இரண்டு வருடமாகிறது. வீட்டை விட்டாள், நாயை விட்டாள், என் குடும்பப் பெயரையும் விட்டாள். கரடி விண்ணப்பத்தை மட்டும் விடவில்லை. அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் நான் கோட்டை கட்டினேன்.

அமெரிக்காவில், எங்கள் வடக்கு விஸ்கான்சினில் கரடி சுடுவது சுலபம். அதற்கு லைசென்ஸ் வாங்குவதற்குத்தான் ஆயுள் வேண்டும். டிசம்பர்தோறும் விண்ணப்பம் போடவேண்டும். கிடைக்காது. கிடைக்காததற்கு ஆறுதலாக ஒரு பாயிண்ட் கொடுப்பார்கள். பாயிண்ட் சேர்ந்து சேர்ந்து, முழங்கால் தேயும் வயதில், ஒரு கரடி, ஒரே ஒரு கரடி சுட்டுக்கொள்ளலாம் என்று அரசாங்கம் மனம் இரங்கும். இரங்கிய நிமிடமே பாயிண்ட் எல்லாம் பூஜ்யம். சுட்டாலும் பூஜ்யம், சுடாவிட்டாலும் பூஜ்யம்.

இரண்டு பேர் சேர்ந்து கூட்டாகவும் போடலாம். அப்படிப் போட்டால் இரண்டு பேரில் யாருக்குப் பாயிண்ட் குறைச்சலோ, அவருடையதுதான் கணக்கு. கிடைத்தால் இருவருக்கும் கிடைக்கும். இல்லையென்றால் இருவருக்கும் இல்லை. கல்யாணம் என்றால் என்ன என்று எந்தப் பாதிரியாரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

எனக்கு மார்லிஸைவிட நான்கு பாயிண்ட் அதிகம். தனியாகப் போட்டிருந்தால் எப்போதோ என் கரடியைத் தின்று முடித்திருப்பேன். அவளுக்காக நின்றேன். என் வாழ்நாளில் நான் செய்த ஒரே காதல் காரியம் அது. அதையும் சும்மா இருந்தே செய்தேன்.

அவள் போனதற்கு நான் குடித்தேன், அடித்தேன் என்றெல்லாம் காரணம் இல்லை. "அழுதுகிட்டே ஒரு விஷயம் சொன்னாலும் நீ ஒரு ஜோக்கோட வந்து நிக்கறே ரெய்னோ. நான் யார்கிட்டதான் பேசறது?" என்றாள். பேசுவதற்குக் கிரீன் பே ஊரில் டெல்மர் என்ற ஒருவன் கிடைத்தான். காது கேட்கும் மெஷின் விற்கிறவன். தான் சொல்வதைக் கேட்க ஆள் வேண்டும் என்று போனவள் சரியான கடைக்குத்தான் போயிருக்கிறாள் என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபிறகு அது அவ்வளவு சிரிப்பாக இல்லை.

ஆனால் அவள் போனபிறகு வந்த இரண்டு டிசம்பரிலும் எங்கள் கூட்டு விண்ணப்ப எண்ணில் அவள் பெயர் இருந்தது. தனியாகப் போட்டிருந்தால் அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இருந்தும் என்னோடு போட்டிருந்தாள். பிப்ரவரியில் இருவருக்கும் லைசென்ஸ் கிடைத்தது.

இதை முதலில் ஆர்வோவிடம்தான் சொன்னேன். ஆர்வோ பெட்ரோல் பங்க் வைத்திருக்கிறான். காட்டில் கரடியை இழுக்கப் போடும் தீனிக்குப் பழைய டோனட்டுகளை வாளி வாளியாக விற்பவனும் அவன்தான்.

"அவ வருவாளாடா?" என்றான்.

"கூட்டு எண்ணுல பேர் இருக்கே."

"என் பொண்டாட்டி பேர் இன்னும் லைப்ரரி கார்டுல இருக்கு. அவ செத்துப் பதினோரு வருஷம் ஆச்சு. போன மாசம்கூட புஸ்தகத்தைத் திருப்பிக் குடுங்கன்னு போன் பண்றாங்க."

"நீ டோனட்டைக் கட்டு."

"கட்டறேன். கரடிக்கா, உனக்கா?"

அன்று சாயங்காலமே மார்லிஸ் போன் செய்தாள்.

"பார்த்தியா ரெய்னோ?"

"பார்த்தேன். டெல்மர் விடுவானா?"

"விடறதுக்கு நான் என்ன கட்டிப்போட்ட நாயா? தீனி ஒழுங்கா போடு. மரத்துப் பரணுக்குப் பழைய ஏணி வேண்டாம், அது ஆடும். ரெண்டு பேர் உட்கார்ற மாதிரி பெரிசா அடி."

பெரிசாக அடித்தேன். அந்தக் கோடை முழுக்கத் தீனி சுமந்தேன். குடைந்த மரத்துண்டுக்குள் டோனட்டும் கெட்டுப்போன ஜாமும் போட்டு, மான் வாய் வைக்காதபடி கனமான கட்டைகளால் மூடவேண்டும், அது சட்டம். என் வண்டியில் ஏறியவர்கள் எல்லோரும் பிறந்தநாள் வீடு மாதிரி மணக்கிறது என்றார்கள். எதிர் மரத்தில் தானாகப் படம் எடுக்கும் காமிரா ஒன்றைக் கட்டினேன். அதில் பெரிய ஆண் கரடி ஒன்று அடிக்கடி விழுந்தது. நேரம் கழித்து வரும், எல்லோர் பங்கையும் தின்னும், கட்டைகளை உருட்டிவிட்டுப் போய்விடும். அதற்கு மேயர் என்று பெயர் வைத்தேன்.

செப்டம்பரில் சீசன் திறந்தபோது மார்லிஸ் டெல்மரின் பெரிய வண்டியில், ஒரு வார லீவோடு வந்து இறங்கினாள். பக்கத்து அறையில் படுத்துக்கொள்வதாகச் சொன்னாள். சொந்தத் தலையணை கொண்டுவந்திருந்தாள். அது நல்ல சகுனம் இல்லை. ஆனால் பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்து என் பிரஷ் நிற்கிற டம்ளரிலேயே போட்டாள். ஆசைப்பட்டவனுக்கு அது போதாதா? அன்றிரவு நான் இரண்டு தடவை எழுந்து போய் அந்த டம்ளரைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அந்த டம்ளரை இதற்கு முன் யாரும் அவ்வளவு மரியாதையாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மாலை நேரங்களில் பரணில் உட்கார்ந்தோம். நான் இடப்பக்கம், அவள் வலப்பக்கம். பேசக்கூடாது, அசையக்கூடாது, இருமக்கூடாது. எங்கள் கல்யாண வாழ்க்கையில் சண்டையில்லாமல் அவ்வளவு நேரம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது அங்கேதான். கொசு அவள் காதோரம் உட்காரும். அதை நான் மெல்ல ஊதுவேன். அவள் திரும்பாமலேயே தலையை ஆட்டுவாள். இதை முதலிலேயே செய்திருக்கலாமே, மரத்தில் ஏறியிருக்கலாமே என்று நினைத்துக்கொள்வேன்.

முதல் இரண்டு நாளும் ஒன்றும் வரவில்லை. இறங்கி வரும்போது அவள் சொன்னாள்: "வராட்டா வராம போகட்டும். அடுத்த வாரக் கடைசியிலயும் வர்றேன். சீசன்தான் அக்டோபர் வரைக்கும் இருக்கே."

அந்த வார்த்தைதான் என்னைக் கெடுத்தது. கரடி வந்தால் அவள் போய்விடுவாள். வராதவரை அவள் வந்துகொண்டிருப்பாள். இவ்வளவு சின்ன கணக்கு எனக்கே புரிந்தது.

மறுநாள் மத்தியானம் தீனி போடப் போகிறேன் என்று தனியாகப் போனேன். தீனி போடவில்லை. காலை முழுக்க விறகு பிளந்த வியர்வைச் சட்டையைக் கழற்றி, தீனி மரத்துண்டுக்கு மேலே கிளையில் மாட்டினேன். மனித வாடை பட்டால் பெரிய கரடி அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காது. கரடி வராமல் போவதற்கு மற்றவர்கள் என்னென்ன தெரியாமல் செய்வார்களோ, அவ்வளவையும் நான் தெரிந்தே செய்தேன். சாயங்காலம் அவளுக்கு முன்னால் நடந்து போய்ச் சட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொள்வேன். மறுநாள் மத்தியானம் மறுபடி மாட்டுவேன். கரடி வேட்டை வரலாற்றில் இவ்வளவு உழைத்துக் கரடியை விரட்டியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வாரம் முடிந்தது. அவள் வெறுங்கையோடு போனாள். வெள்ளிக்கிழமை சொன்னபடி திரும்பி வந்தாள். இருவரும் ஊருக்குள் போய் மீன் வறுவல் சாப்பிட்டோம், ஆளுக்கொரு பிராந்தி குடித்தோம். பழைய கதைகள் பேசினாள். "நம்ம நாய்க்கு வயசாயிடுச்சு இல்ல?" என்றாள். நம்ம என்று சொன்னாள். நான் ஊறுகாயைத் தின்றேன்.

சனிக்கிழமை மத்தியானம் ஆர்வோவிடம் போய்விட்டு வீட்டுக்கு வந்தேன். மார்லிஸ் சமையலறை மேசையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காமிராவிலிருந்து கழற்றிவந்த மெமரி கார்டின் உறை.

"ரெய்னோ, இங்க வா. புதுசா ஒரு மிருகம் வந்திருக்கு."

குனிந்து பார்த்தேன். நான்தான். பனியனோடு, தொப்பை முன்னால், கால் விரலில் எக்கிச் சட்டையைக் கிளையில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். அடுத்த படத்தில் இரண்டடி தள்ளி நின்று சரியாகத் தொங்குகிறதா என்று அழகு பார்க்கிறேன். அந்தக் காமிராவை மரத்தில் கட்டியவனும் நானேதான்.

"நல்ல வயசிருக்கும்," என்றாள். "குளிர்காலத்துக்குக் கொழுப்பு சேர்த்து வச்சிருக்கு பாரு. ஆணா பெட்டையா தெரியல."

"கூடக் குட்டி இல்ல. சுடலாம். சட்டப்படி தப்பில்ல."

அவள் சிரித்தாள். மேசையில் தலைவைத்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவளைச் சிரிக்க வைத்துவிட்டேன், பிழைத்தேன் என்று நினைத்தேன். அவள் தலையைத் தூக்கியபோது கண் சிவந்திருந்தது. அது சிரித்ததனால் வந்த சிவப்பு மட்டும் இல்லை.

"ஏன் இப்படிப் பண்ணே?" என்றாள். "ஒரே ஒரு தடவை, ஜோக்கு இல்லாம சொல்லு. நான் கேக்கறேன்."

லேப்டாப்பை மூடிவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவசரப்படவில்லை. நாய் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படுத்தது. எனக்குச் சொல்லவேண்டிய வார்த்தைகள் எல்லாம் தெரியும். நீ போகக்கூடாது என்பதற்காக. மூன்றே வார்த்தை. பல்லுக்குப் பின்னால் வரிசையாக நின்றன. வாயைத் திறந்தேன்.

"சட்டை ஈரமா இருந்துச்சு. காயப் போட்டேன்."

மார்லிஸ் மடியிலிருந்து கைகளை எடுத்தாள். பிறகு "சரி" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. மழை பெய்கிறது என்று சொன்னவருக்குப் பதில் சொல்வதைப்போலச் சொன்னாள்.

எழுந்து காப்பிக் கோப்பையைக் கழுவினாள். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள்.

"கூட்டுல ஏன் பேரை எடுக்கலன்னு நீ ஏதாவது நினைச்சிருப்பே. ஆர்வோ சொன்னான். நீ எனக்காக நாலு வருஷம் நின்னே ரெய்னோ. அதைப்பத்தி ஒரு நாளும் நீ ஜோக் அடிச்சதில்ல. அதை மட்டும் பாதியில விட எனக்கு மனசு வரல. முழுசா முடிச்சுட்டுப் போகணும்னு இருந்தேன்."

"முடிச்சுட்டு" என்றேன்.

"ஆமா." கோப்பையைத் துடைத்துக் கவிழ்த்தாள். "தீனி புதுசா போட்டுட்டேன். உன் சட்டையும் துவைச்சுக் கொடியில கிடக்கு."

ஞாயிற்றுக்கிழமை மாலை, வெளிச்சம் இன்னும் நன்றாக இருக்கும்போதே கரடி வந்தது. மேயர் இல்லை, நடுத்தரமான ஓர் ஆண் கரடி, பளபளப்பான கறுப்பு. குட்டிகள் பின்னால் வருகின்றனவா என்று மார்லிஸ் வெகுநேரம் பார்த்தாள். இல்லை. பிறகு ஒரே குண்டு. அது பத்தடிகூட ஓடவில்லை.

இறங்கிப் போய் அதன் கழுத்தில் கை வைத்துக்கொண்டு அவள் கொஞ்ச நேரம் முழங்காலிட்டிருந்தாள். பிறகு இருவரும் சேர்ந்து குடலை எடுத்தோம், சறுக்குப் பலகையில் ஏற்றி இழுத்தோம். "தள்ளுய்யா, வேடிக்கை பார்க்காதே." "தள்ளிட்டுத்தான் இருக்கேன், இது உன் அண்ணன் கனம் கனக்குது." வேலை செய்யும்போது எங்களுக்கு எப்போதும் ஒத்துப்போகும். வயதைக் கணக்கிடப் பல் ஒன்றை அரசாங்கத்துக்கு அனுப்பவேண்டும் என்பதால் அவள் பிடுங்க, நான் விளக்குப் பிடித்தேன். மறுநாள் காலையில் பதிவு முடிந்தது.

பின்னங்கால் ஒன்றை எனக்கென்று வெட்டி என் பிரீசரில் வைத்தாள். டம்ளரிலிருந்து பிரஷ்ஷை எடுத்துக்கொண்டாள். தலையணையை வண்டியில் போட்டாள்.

"டிசம்பர்ல நான் கிரீன் பே பக்கத்துக்கே போடறேன். டெல்மரும் கத்துக்கணும்ங்கறான். ரெண்டு பேரும் ஒண்ணா ஆரம்பிக்கறோம்."

"அந்தப் பக்கத்துக் கரடிக்கெல்லாம் காது கேக்காது," என்றேன். "அவனுக்கு நல்ல வியாபாரம்."

சிரித்தாள். என் கன்னத்தில் கை வைத்தாள். கரடி இரத்தமும் சோப்பும் சேர்ந்த வாசனை. "உனக்கு இன்னும் லைசென்ஸ் இருக்கு, ரெய்னோ. வீணாக்காதே," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வீணாக்கவில்லை. மிச்சமிருந்த சீசன் முழுக்க ஒழுங்காகப் போனேன். புது டோனட், துவைத்த சட்டை, எல்லாம் சட்டப்படி. பரணில் இப்போது தாராளமாக இடம் இருந்தது. நடுவில் கால் நீட்டி உட்கார்ந்தால் கேட்பாரில்லை. நான் இடப்பக்க ஓரத்திலேயே உட்கார்ந்தேன்.

அக்டோபரில், இலை எல்லாம் மஞ்சளாகிக் கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலை, மேயர் வந்தார். பகல் வெளிச்சத்தில் அவரை நான் பார்த்ததே இல்லை. புதரிலிருந்து முதலில் மூக்கு வந்தது, பிறகு தோள் வந்தது, வந்துகொண்டே இருந்தது. அவ்வளவு பெரிய கரடியை இந்த மாவட்டத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கட்டையை ஒற்றைக் கையால் புரட்டிவிட்டு, எனக்கு விலாவைக் காட்டி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு டோனட் தின்றார். துப்பாக்கி என் தோளில் இருந்தது. குண்டைத் தடுக்கும் பூட்டைத் தள்ளிவிட்டேன். மூச்சைப் பாதியில் நிறுத்தினேன்.

வலப்பக்கம் திரும்பி, "மார்லிஸ், பாரு," என்றேன்.

மேயர் ஒரே தாவில் புதருக்குள் போனார். கிளைகள் முறியும் சத்தம் ரொம்ப தூரம் கேட்டது. நான் இருட்டும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கினேன்.

பங்க்கில் ஆர்வோ ஏன் வெறுங்கை என்று கேட்டான். காற்று திரும்பி என் வாடை பட்டுவிட்டது என்று சொன்னேன்.