உடனே சேரத் தயார்

"எடுங்கோ கைலாஷ்... எடுத்துத் தொலையுங்கோளேன்!"

மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஸ்நேகா மறுபடி அழைத்தாள். ஜன்னலுக்கு வெளியே கரமனைச் சந்திப்பு மழையில் கரைந்துகொண்டிருந்தது. அன்று ஆபீஸ் முடிவதற்குள் பெங்களூர் வேலையை ராஜினாமா செய்து மெயில் அனுப்பிவிடுவதாகக் கைலாஷ் சொல்லியிருந்தான். மெயில் போய்விட்டால் அவ்வளவுதான். அவனை இங்கே வேலைக்குக் கூப்பிட்டவளே அவள்தான்.

பத்துப் பேர்கூட இல்லாத சாஃப்ட்வேர் கம்பெனி. ஆள் எடுப்பது, சம்பளம் போடுவது, டீக்குச் சொல்வது எல்லாம் ஸ்நேகா. லிங்க்ட்இன்னில் காசு கட்டி ஆள் தேட கம்பெனிக்கு வசதியில்லை. வேறொரு கம்பெனிக்கு ஆள் பிடிக்கும் சிநேகிதி ஷிஜியின் பாஸ்வேர்டில் நுழைந்துதான் தேடுவாள்.

அப்படிச் சிக்கியவன் கைலாஷ். பெரிய கம்பெனி, நல்ல பதவி, பிறந்தது கரமனை. 'ஊருக்கே வந்துடுங்கோளேன்' என்று எழுதினாள். எழுதின கையோடு பதில் வந்தது. திங்கட்கிழமையே சேர்ந்துவிடுவானாம். நோட்டீஸ் காலத்தைப் பேசிச் சமாளித்துக்கொள்வானாம். அந்தச் சந்தோஷத்தில் ஷிஜிக்குப் பருப்புவடை வாங்கிக் கொடுத்தாள்.

அன்று மத்தியானம் ஒரு மேனேஜருக்காக அதே பாஸ்வேர்டில் தேடினாள். முதல் ஆளாகத் திரையில் வந்து சிரித்தார் அவளுடைய முதலாளி ஆனந்தகிருஷ்ணன்.

'வேலை தேடுகிறார். உடனே சேரத் தயார்.'

ஒருவர் வேலை தேடுவதை அவருடைய கம்பெனிக்கே ஆள் எடுப்பவர்களுக்கு லிங்க்ட்இன் காட்டாது. அந்தத் தைரியத்தில் போட்டிருக்கிறார். ஷிஜியின் கணக்கில் தெரிந்துவிட்டது.

கேபினுக்குள் பாய்ந்தாள்.

"கம்பெனியை மூடப் போறேளா சார்?"

ஆனந்தகிருஷ்ணன் முதலில் கதவைப் பார்த்தார். "மெள்ளப் பேசு. ரெண்டு மாசம் ஓடும்."

"அப்புறம்?"

"அப்புறத்துக்குத்தானே நானும் தேடறேன்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "அந்தப் பையன் வரட்டும், கேட்டியா. ஆள் இருக்குன்னு காட்டினாத்தான் புது க்ளையன்ட் கையெழுத்துப் போடுவான்."

"இருக்கிற வேலையை விட்டுட்டு வரான் சார்!"

"உனக்கும் இங்கே வேலை வேணும், அல்லே?"

வெளியே வந்து ஃபோனை எடுத்தவள்தான். இன்னும் கீழே வைக்கவில்லை.

"ஹலோ?" கைலாஷ்! "மீட்டிங்ல இருந்தேன். சொல்லுங்கோ."

"மெயில் அனுப்பிட்டேளா?"

"இனிமேதான்."

அவளுக்கு மூச்சு வந்தது. கேபின் கதவில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினாள். "வராதேங்கோ. நான் கூப்பிடவே இல்லைன்னு வச்சுக்கோங்கோ. இருக்கிற இடத்தை விட்டுடாதேங்கோ!"

மறுமுனையிலிருந்து தயங்கித் தயங்கி ஒரு கேள்வி.

"ரெண்டு மாசம் ஓடும்னாரா?"

"ஆமாம். அதுக்கென்ன?"

"ரெண்டு மாசச் சம்பளம் கிடைக்குமோல்லியோ?"

"கிறுக்கா உங்களுக்கு? ரெண்டு மாசத்துக்காக அவ்வளவு பெரிய வேலையை யாராவது விடுவாளா?"

சட்டென்று ஆபீஸ் இருண்டது. விளக்கு, விசிறி, எல்லாம் போயிற்று. அதே நொடியில் ஃபோனுக்குள்ளும் ஒரு விசிறி கடகடத்து நின்றது. தூரத்தில் ஒரு பெண்குரல்.

"கைலாஷே, கரண்ட் போயாச்சு! கரமனை பூராவும் இருட்டாக்கும். உன் ஆபீஸ் வேலை நின்னுடுமோடா?"

ஸ்நேகா ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நீங்க... பெங்களூர்ல இல்லையா?"

"மெள்ளப் பேசுங்கோ. அம்மாவுக்குக் கேட்டுடும்." அவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. "வீட்டிலேருந்து வேலை பார்க்கறேன்னு நினைச்சுண்டிருக்கா. அந்தக் கம்பெனி பேரை ப்ரொஃபைல்லேருந்து எடுக்க மனசு வரலை, அவ்வளவுதான். ராஜினாமா பண்ண எங்கிட்ட வேலை ஏது, ஸ்நேகா? என்னை மார்ச்சிலேயே வேலையிலேருந்து அனுப்பிட்டா."